நீரை நிறுத்தாத பாத்தி

தமிழில் பாத்தி என்றவுடன் நம் மனத்தில் எழும் உருவம் ஒன்று உண்டு. நான்கு புறமும் வரப்பு. நடுவே சற்றே தாழ்ந்த மண். மடையைத் திறந்தால் வாய்க்கால் நீர் உள்ளே வந்து நின்று, மெல்ல மண்ணுக்குள் இறங்கும். கிணற்று நீரையும் ஏரி நீரையும் அளந்து அளந்து செலவிட்ட நிலத்தில், பாத்தி என்பது நீரைப் பிடித்து வைக்கும் ஏற்பாடு. கத்தரிக்கும் கீரைக்கும் நம் முன்னோர் அமைத்த பாத்திகள் எல்லாம் இந்த எண்ணத்தில் பிறந்தவையே.

அதே பாத்தியை மேற்குக் கடற்கரையில் அமைத்தால் என்ன ஆகும்? பணிமாற்றத்தினாலோ பிள்ளைகளின் வேலை நிமித்தமாகவோ மும்பை, மங்களூர், கொச்சி போன்ற ஊர்களில் குடியேறிய நம்மவர் பலர் முதல் மழைக்காலத்திலேயே விடை கண்டிருப்பர். மதுரையில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையைக் காட்டிலும், மங்களூரில் ஜூலை ஒரு மாதத்தில் பெய்யும் மழை அதிகம். அங்கே நீரைப் பிடித்து வைக்க எவரும் பாடுபட வேண்டுவதில்லை. அதை வெளியே அனுப்புவதுதான் பாடு. ஆகவே அங்குப் பாத்தி தாழ்வதில்லை, உயர்கிறது. இதை நாம் மேட்டுப்பாத்தி என்கிறோம். மலையாளத்தில் இதற்கு ‘வாரம்’ என்று பெயர். நம் கிழமைக் கணக்கோடு அதற்குத் தொடர்பு எதுவும் இல்லை.

இன்று மேட்டுப்பாத்திகள் ஆயத்தப் பெட்டிகளாகவே கடைகளில் கிடைக்கின்றன. மரப்பெட்டி, தகரப்பெட்டி, பிளாஸ்டிக் பெட்டி, தைத்த துணித்தொட்டி என்று வகைகள் பல. வாங்குவோர் முதலில் நிறத்தையும் அழகையும் பார்க்கின்றனர், அடுத்து விலையை, அதன் பிறகு அளவை. மழை மிகுந்த ஊரில் இவை யாவும் பின்னுக்குச் செல்ல வேண்டும். கடைக்காரரிடம் கேட்பதற்கு முன் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே: இந்தப் பாத்தியில் விழும் நீர் எந்த வழியாக, எங்கே போகும்?

அந்த நீரின் அளவு எவ்வளவு என்பதைச் சிறிய கணக்கினால் அறியலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். வழக்கமான எட்டடிக்கு நாலடிப் பாத்தியின் பரப்பு ஏறத்தாழ 2.97 சதுர மீட்டர். இந்திய வானிலை ஆய்வுத் துறை ஒரு நாளில் 64.5 மி.மீ. பெய்தால்தான் அதைக் கனமழை என்று குறிக்கிறது. அந்தக் குறைந்தபட்சக் கனமழையிலேயே இப்பாத்தியில் ஏறத்தாழ 192 லிட்டர் நீர் விழும். குடத்துக்கு 15 லிட்டர் என்றால் 12 குடத்துக்கு மேல். அதிகனமழை என்னும் 204.5 மி.மீ. எல்லையைத் தொட்டால் ஏறக்குறைய 40 குடம். ஒரு தக்காளிச் செடியின் தூரில் இத்தனை குடம் நீரை ஒரே நாளில் நாமாக ஊற்றுவோமா?

வேர் நீரை மட்டும் குடித்து வாழ்வதில்லை. அதற்குக் காற்றும் வேண்டும். மண் துகள்களுக்கு இடையே உள்ள வெற்றிடங்கள் நீரால் நிரம்பிவிட்டால், அங்கிருக்கும் சிறிதளவு ஆக்சிஜனும் விரைவில் தீர்ந்துவிடும். மூச்சு முட்டிய வேர் நீரை உறிஞ்சும் ஆற்றலையும் இழக்கும். இதனால்தான் தொடர்மழையில் செடி நீரிலேயே நின்றபடி வாடுகிறது. பழக்கமில்லாதவர் அதை உரக்குறை என்று எண்ணி உரமிடுவார். நானும் மங்களூரில் கழித்த முதல் ஆடி மாதத்தில் அதைத்தான் செய்தேன்.

சரளை என்னும் மயக்கம்

அந்த ஆண்டு நான் வாங்கிய பாத்தி ஒன்றரைச் சாண் உயரமுள்ள மரப்பெட்டி. வீட்டின் பின்புறச் சிமென்ட் தளத்தில் வைத்தேன். அடியில் துளைகள் இருந்தன. அவற்றின் மேல், பலரும் சொன்னபடி, மூன்று விரற்கடை உயரத்துக்குச் சரளைக்கல் பரப்பி, அதன் மீது தோட்டமண்ணும் எருவும் நிரப்பினேன். ‘வடிகாலுக்குச் சரளை’ என்பது தோட்டம் போடுவோர் அனைவரும் வேதவாக்காகக் கொண்ட கருத்து. ஜூலை முடிவதற்குள் எட்டுத் தக்காளிச் செடிகளும் போயின. பெட்டியைக் கவிழ்த்தபோது கண்டது இன்றும் நினைவில் இருக்கிறது. சரளையில் நீர் நிற்கவில்லை. கற்கள் வெறுமனே நனைந்திருந்தன. அதற்கு நேர் மேலே இருந்த மண்ணோ கரிய சேறாகி, அழுகிய முட்டை நாற்றம் வீசிற்று.

காரணம் மண் இயற்பியலில் உள்ளது. நுண்ணிய துளைகள் கொண்ட மண், நீரைத் தன் துளைகளுக்குள் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. அதன் கீழே பெரிய இடைவெளிகள் உள்ள சரளை இருந்தால், அந்த நீர் எளிதில் கீழே இறங்காது. மேல்மண் முழுமையாக நிறைவுற்றுத் தளும்பினால்தான் சொட்டத் தொடங்கும். எனவே மண்ணின் அடிப்பகுதியில் எப்போதும் ஈரம் நிறைந்த ஓர் அடுக்கு தங்கிவிடுகிறது. சரளையிடுவதால் இந்த அடுக்கு மறைவதில்லை. சரளையின் உயரத்துக்கு மேலே ஏறி, வேர்களுக்கு இன்னும் அருகில் வந்து விடுகிறது.

இதைச் சமையலறையிலேயே சோதிக்கலாம். பாத்திரம் துலக்கும் செவ்வக ஸ்பாஞ்சு ஒன்றை நீரில் முழுக்க நனைத்து, தட்டையாகப் பிடியுங்கள். சற்று நேரம் சொட்டிய பின் நின்றுவிடும். இப்போது அதைப் பிழியாமல், அதன் நீண்ட பக்கம் மேலும் கீழுமாக இருக்கும்படி நிறுத்திப் பிடித்தால் மீண்டும் நீர் வடியும். ஸ்பாஞ்சு அதுவே, உயரம் மட்டுமே கூடியது. அடியில் தேங்கும் ஈர அடுக்கின் அளவை மண்ணின் தன்மைதான் முடிவு செய்கிறது, பாத்தியின் உயரம் அன்று. ஆகவே பாத்தி உயர உயர, அந்த அடுக்குக்கு மேலே வேர் மூச்சு விடுவதற்கான இடம் கூடுகிறது. அடிமூடிய பெட்டியில் 15 செ.மீ. மண் மழைக்காலத்துக்கு ஏறக்குறைய பயனற்றது. 40 முதல் 45 செ.மீ. இருந்தால் செடி பிழைக்கும்.

பெட்டிக்கு அடியே இல்லாமல் செய்துவிடுவது இதனினும் மேலானது. வீட்டில் மண்தரை இருக்குமானால், அடித்தட்டு இல்லாத சட்டத்தை நேரே மண்ணின் மீது அமைத்தல் வேண்டும். அதற்கு முன் அடிமண்ணைக் கடப்பாறையாலோ மண்வெட்டியாலோ ஒரு சாண் ஆழம் கொத்தித் தளர்த்திவிட வேண்டும். மேல்மண்ணும் கீழ்மண்ணும் தொடர்ந்து ஒன்றாகிவிட்டால் நீர் இடையில் தங்க நேராது. களை வராதிருக்கட்டும் என்று பாலித்தீன் விரிப்பதும் இந்த நன்மையைக் கெடுத்துவிடும். பழைய செய்தித்தாளை நனைத்துப் பரப்பினால் போதும், களையை அடக்கிவிட்டு ஒரு பருவத்தில் தானும் மக்கிப்போகும்.

தரையே நீரை உள்வாங்காததாக இருந்தால்? ஓரடி ஆழக் குழி தோண்டி நீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுமுறை நிரப்புங்கள். இரண்டாம் முறை ஊற்றிய நீர் ஓர் இரவு கழிந்தும் குழியில் நின்றால், அந்த நிலம் உதவாது. உயரத்தை நம்பியே பாத்தி அமைக்க வேண்டும். நீர் தேங்கும் தாழ்நிலமாயின், பாத்தியின் உயரத்தைத் தரையிலிருந்து கணக்கிடுவது தவறு. தேங்கும் நீரின் உச்ச மட்டத்திலிருந்து ஓரடி என்று கணக்கிட வேண்டும். புதிய ஊரில் குடியேறியவர் முதல் மழைக்காலத்தில் எதையும் வாங்காமல், மனையில் நான்கு குச்சிகளை நட்டு நீர் எதுவரை ஏறுகிறது என்று குறித்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

இஞ்சி விளைவிக்கும் கேரள உழவர் இவற்றையெல்லாம் நூல் பார்த்துக் கற்கவில்லை. ஒரு மீட்டர் அகலமும் ஏறத்தாழ ஓரடி உயரமும் உள்ள மண்மேடுகள். அவற்றுக்கிடையே ஒன்றரையடிக்குக் குறையாத வாய்க்கால். நட்டவுடன் பச்சிலைகளால் மூடாக்கு. நீர் தேங்கினால் பித்தியம் என்னும் பூசணவகை உயிரி கிழங்கை அழுகச் செய்துவிடும் என்பதை அவர்கள் நட்டத்தின் வாயிலாக அறிவர். இந்த மேடுகளுக்குச் சுவரே கிடையாது. இருபுறமும் சரிந்த வெறும் மண். நம் வீட்டுத் தோட்டத்துக்கும் முதலாண்டில் இதுவே போதும் என்பது என் துணிபு. மண்மேட்டில் ஒரு பருவம் பயிரிட்டு, எங்கே வெயில் விழுகிறது, எங்கே நீர் ஓடுகிறது என்று தெரிந்துகொண்ட பிறகு சுவருக்குச் செலவிடலாம்.

அந்த வாய்க்காலையும் பாத்தியின் ஓர் உறுப்பாகவே கருத வேண்டும். பாத்தியிலிருந்து வெளியேறும் நீர் நடைபாதையில் நின்றுவிட்டால், உயர்த்திய உயரம் வீண். நடைபாதை சிறிது சாய்வாக இருந்து, நீரை மனையின் வடிகாலுக்கோ மழைநீர்க் குழிக்கோ கொண்டு சேர்க்க வேண்டும். பக்கத்து வீட்டுச் சுவரின் அடிக்குக் கொண்டு சேர்க்கக் கூடாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் அயலாரிடையே எழும் பூசல்கள் பலவற்றின் தோற்றுவாய் அதுவாகவே இருக்கிறது. பாத்தியின் அகலம் நான்கடியைத் தாண்டாதிருத்தல் நன்று. மண்ணை மிதிக்காமல் இருபுறமிருந்தும் கை எட்ட வேண்டும். ஈரமண்ணை ஒருமுறை மிதித்தால் அதன் காற்றறைகள் மூடிக்கொள்ளும்.

சுவர் எதனால்?

மேற்குக் கடற்கரையில் இக்கேள்விக்கு இயற்கையே விடை வைத்திருக்கிறது. கொங்கணம் முதல் மலபார் வரை வீடு கட்டப் பயன்படும் செம்பூராங்கல் பாத்திச் சுவருக்கு மிகவும் ஏற்றது. நிலத்தில் இருக்கும்போது வெட்டுவதற்கு எளிதாகவும், காற்றுப்பட்டதும் இறுகுவதாகவும் உள்ள இக்கல்லுக்கு ‘லேட்டரைட்’ என்னும் அறிவியற்பெயரை இட்டவர் பிரான்சிஸ் புக்கானன். கேரளத்தின் அங்காடிப்புறத்தில் அதைக் கண்டு, 1807இல் வெளியான தம் பயணநூலில் எழுதினார். பேக்கல் கோட்டை இந்தக் கல்லால் ஆனது. அது தாங்கிய மழையை நம் கீரைப்பாத்தியும் தாங்கும். கற்களைச் சாந்து பூசாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், இடுக்குகளே வடிகாலாகப் பணிபுரியும். வீடு மாற நேர்ந்தால் கழற்றி எடுத்துச் செல்லவும் இயலும். சுமைகூலிதான் சற்றே கடிக்கும்.

மரத்தை விரும்புவோர் வைரம் பாய்ந்த தேக்கையோ பலாவையோ தேட வேண்டும். ஈரமண் ஒருபுறமும் மழை மறுபுறமும் தாக்க, வெளிறு மரமும் பொருள்கள் அடுக்கி வரும் மலிவான பலகைகளும் இரண்டு மூன்று மழைக்காலத்தில் உளுத்துவிடும். கறையானும் பங்கு கேட்கும். ‘உறுதியானது’ என்று விற்கப்படும் பழைய ரயில் கட்டைகளை உணவுப்பயிர்ப் பாத்திக்கு வாங்கலாகாது. அவற்றில் ஊறியிருக்கும் கிரியோசோட் நஞ்சு. கூரையிலிருந்து கழித்த ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளை நிறுத்திச் சுவராக்கும் வழக்கமும் பல வீடுகளில் காணப்படுகிறது. உடைந்த விளிம்பிலிருந்து பிரியும் இழைகள் நுரையீரலுக்குக் கேடு. இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டா.

தகரப் பெட்டிகள் உள்நாட்டு ஊர்களில் நெடுநாள் உழைக்கும். கடற்காற்று வீசும் இடங்களில் உப்பு முதலில் வெட்டுவிளிம்புகளிலும் திருகாணித் துளைகளிலும் துருவை உண்டாக்கும். சிமென்ட் கட்டிகளைப் பற்றிச் சிலர் அஞ்சுவதுண்டு: அவற்றிலிருந்து கசியும் சுண்ணாம்பு மண்ணைக் கெடுக்குமோ என்று. மழை மிகுந்த நிலத்தின் மண் பொதுவாகவே புளிப்புத்தன்மை உடையது. அங்கே சிறிதளவு சுண்ணாம்பு கசிந்தால் நன்மையே. ஆனால் உட்குழிவான கட்டிகளின் துளைகளை மண்ணால் நிரப்பி விடுங்கள். இல்லையேல் ஆப்பிரிக்கப் பெருநத்தைகள் பகற்பொழுதை அங்கே கழித்து, இரவில் உங்கள் கீரையை உண்ண வரும்.

விலையை ஒப்பிடும்போது, அதைப் பயன்படும் ஆண்டுகளால் வகுத்துப் பார்ப்பது வழக்கமாகட்டும். 3,000 ரூபாய்ப் பலகை மூன்று ஆண்டில் உளுத்தால் ஆண்டுக்கு 1,000 ரூபாய். 6,000 ரூபாய்க் கற்சுவர் இருபது ஆண்டு நின்றால் ஆண்டுக்கு 300 ரூபாய். இவை எடுத்துக்காட்டுக்கான தொகைகளே. உங்கள் ஊர் விலையை இட்டுக் கணக்கிட்டுக்கொள்க.

மொட்டைமாடிக்கு ஏற்றுமுன்

நகரவாசிகளுள் பலருக்கு மண்தரை இல்லை, மாடிதான் உண்டு. இங்கே பேச்சு செடியின் நலனிலிருந்து வீட்டின் நலனுக்கு மாறுகிறது. நடமாட்டத்துக்குரிய தட்டையான மொட்டைமாடிக்கு, இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875 இரண்டாம் பகுதி, சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன் சுமையைக் கணக்கில் கொள்கிறது. அதாவது ஏறத்தாழ 150 கிலோ. ஓரடி உயரத்துக்குத் தோட்டமண் நிரப்பிய பாத்தி மழையில் ஊறினால், சதுர மீட்டருக்கு 500 கிலோவைத் தாண்டும். மேற்சொன்ன எட்டடிக்கு நாலடிப் பாத்தி ஒன்றின் முழுச்சுமை ஏறத்தாழ ஒன்றரை டன். வாழ்நாள் சேமிப்பையும் பல்லாண்டுக் கடன் தவணையையும் கொண்டு கட்டிய வீட்டின் கூரை மீது, கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைக் கேளாமல் இதை ஏற்றிவைத்தல் தகாது. அடுக்குமாடிக் குடியிருப்பாயின், மாடி பொதுவிடம் என்பதால் சங்கத்தின் எழுத்துவழி ஒப்புதலும் வேண்டும்.

மாடியில் பெரிய பாத்தியை விடத் தனித்தனி வளர்ப்புப் பைகளே தக்கவை. ஓரடி விட்டமும் ஓரடி உயரமும் உள்ள பை ஊறிய நிலையிலும் 25 முதல் 35 கிலோவுக்குள் இருக்கும். அவற்றை நடுத்தளத்தில் குவிக்காமல், சுவர்களும் உத்திரங்களும் தாங்கும் கோடுகளை ஒட்டி இடைவெளிவிட்டு வைக்கலாம். ஒவ்வொரு பையையும் செங்கல் துண்டுகளின் மீது உயர்த்தி வைத்தால் தளம் உலரும், துளை அடைபடாது, நீர்க்கசிவு தோன்றினால் கண்ணில் படும். பைக்கு அடியில் தட்டு வைக்கும் பழக்கத்தை மழைக்காலத்தில் அறவே விட்டுவிடுங்கள். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசுவின் முட்டை ஏழெட்டு நாளிலேயே கொசுவாகிப் பறக்கும். டெங்குவுக்கு நாமே தொட்டில் கட்டியதாகும்.

நிரப்பும் மண்ணைப் பற்றிச் சிறிது. கோடையில் நம்மைக் காத்த தென்னை நார்க்கழிவு, மழையில் ஈரத்தை விடாது பற்றிக்கொள்ளும். அதன் பங்கைக் குறைத்து, பருமணலையும் உமிக்கரியையும் கூட்டுங்கள். நுண்மணல் பயன்படாது, அது களிமண்ணோடு சேர்ந்து இறுகும்.

மழை மண்ணிலுள்ள உணவையும் கழுவிச் செல்கிறது. எர்ணாகுளம், ஆலப்புழை மாவட்டங்களின் கடலோரப் பொக்காளி வயல்களில் உழவர் இந்த ஆற்றலைத் தமக்கு உதவியாக்கிக் கொண்டனர். கோடையில் உவர்மண்ணைச் சிறு மேடுகளாகக் கூட்டி வைப்பர். பருவமழை அம்மேடுகளின் உப்பைக் கழுவி இறக்கியதும், அவற்றின் மேலேயே முளைகட்டிய நெல்லை விதைப்பர். உப்பை வெளியேற்றும் அதே மழை நம் பாத்தியின் தழைச்சத்தையும் சாம்பற்சத்தையும் வெளியேற்றும். ஆகவே மழைக்காலத்தில் ஒரே தவணையில் உரமிடுவது பணத்தைச் சாக்கடையில் இடுவது. கைப்பிடி கைப்பிடியாக, மழை ஓய்ந்த நாள்களில் இட வேண்டும். நடவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்னதாகச் சுண்ணாம்போ டோலமைட்டோ கலந்து புளிப்பைத் தணிப்பதும், தென்னையோலையாலோ உலர்ந்த இலையாலோ மூடாக்கு இடுவதும் தவறாமல் செய்யத்தக்கவை. மழைத்துளி மண்ணை அறைந்து தெறிக்கும்போது, மண்ணிலுள்ள நோய்க்கிருமிகளும் இலைக்குத் தாவுகின்றன. மூடாக்கு அந்தத் தெறிப்பைத் தடுக்கும்.

பயிர்த்தேர்வில் பிடிவாதம் உதவாது. வெண்டையும் காராமணியும் மழைக்கு ஈடுகொடுக்கும். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் தாக்கும் பாக்டீரியா வாடல் நோய், மண்ணிலேயே தங்கியிருப்பது. அதற்குத் தாங்கும் வகைகளைக் கேரள வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கியுள்ளது: தக்காளியில் சக்தி, முக்தி, அனகா, கத்தரியில் சூர்யா, ஹரிதா, மிளகாயில் உஜ்வலா. சிவப்புத் தண்டுக்கீரையில் மழைக்கால இலைப்புள்ளி நோய் மிகுதி. அதனோடு நம் கோயம்புத்தூரில் உருவான கோ 1 பச்சைக்கீரையைக் கலந்து விதைக்குமாறு அங்கே அறிவுறுத்துகின்றனர். இவ்வளவுக்குப் பின்னும் ஜூலையில் தக்காளிதான் வேண்டும் என்பவர், பாத்திக்கு மேலே பக்கங்கள் திறந்த பாலித்தீன் கூரை ஒன்றை அமைத்துக்கொள்வதே வழி. கேரளத்தில் ‘மழைமறை’ என வழங்கும் இவ்வமைப்பு, மாடித்தோட்டக்காரர் பலரையும் கவர்ந்திருக்கிறது. காற்று மிகுந்த மாடிகளில் இதன் கால்களை உறுதியாகக் கட்ட வேண்டும். பறந்துபோன கூரை யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது.

வேலையைச் சித்திரையிலேயே தொடங்கி, மண் அமர்வதற்கு இரண்டு மூன்று வாரம் விடுங்கள். நிரப்பிய மண் நிச்சயம் தாழும். விளிம்பு வரை மீண்டும் நிரப்பி, நடுப்பகுதி சற்றே மேடாக இருக்கும்படி வாரிவிடுங்கள். ஜூன் மாதத்து முதற்பெருமழை பெய்யும்போது குடையைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை வெளியே போய்ப் பாத்தியைச் சுற்றிவந்து பாருங்கள். எந்த மூலையில் நீர் தயங்கி நிற்கிறதோ, அந்த மூலையில் மறுநாட்காலை ஒரு கல்லை நகர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.